முப்பதாண்டுப் போரைச் சீட்டாட்டமா ஆக்க எது சரி: நிகழ்வுக் கார்டா, துருப்பா?

1618ல இருந்து 1648 வரைக்கும் ஜெர்மன் நாடுகளைச் சுடுகாடாக்கின முப்பதாண்டுப் போரை வெச்சு ஒரு சீட்டாட்டம் பண்ணிட்டிருக்கேன். ரெண்டு டிசைன் கையில இருக்கு, ரெண்டையுமே அட்டை வெட்டி பேனாவுல எழுதி நண்பர்களோட ஆடிப் பாத்தாச்சு.

முதல்ல நிகழ்வுக் கார்டு. போர் கேம்ல கார்டே ஆட்டத்தை நகர்த்துற வழியை 1993ல மார்க் ஹெர்மன் 'வீ தி பீப்பிள்'ல ஆரம்பிச்சாரு, பின்னாடி வந்தவங்க ஒரே கார்டுல எண்ணையும் (படையை நகர்த்தச் செலவு பண்ற புள்ளி) நிகழ்வையும் சேத்துப் போட்டு ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்கலாம்னு வெச்சாங்க, நானும் அதையேதான் செஞ்சேன். கதை சொல்றதுக்கு இதை அடிச்சுக்க முடியாது. போர் ஆரம்பிச்சப்ப பிராக் கோட்டை ஜன்னல்ல இருந்து தூக்கி எறியப்பட்டும் உயிர் பிழைச்ச மூணு பேர், 1632ல லூட்சன்ல விழுந்த ஸ்வீடன் ராஜா கஸ்தாவ் அடால்ஃப், 1634ல சொந்த ஆளுங்க கையாலயே செத்த பேரரசரோட தளபதி வாலன்ஸ்டைன் (பேரரசர்னா ஜெர்மன் நாடுகளுக்கெல்லாம் மேல இருந்த கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் ராஜா), எல்லாருக்கும் ஆளுக்கொரு கார்டு. ஆனா கஸ்தாவ் 1630ல வந்து இறங்குற கார்டுக்கு முன்னாடியே அவர் சாகுற கார்டு கைக்கு வந்துடுது, அதைத் தடுக்க கட்டை மூணாப் பிரிச்சு, கார்டுக்குக் கார்டு நிபந்தனை எழுதி, கடைசில படிக்கிற நேரம் ஆடுற நேரத்தை விட அதிகமாயிடுச்சு.

இன்னொண்ணு மாக்டபர்க். 1631 மே மாசம் பேரரசர் தரப்புப் படை அந்த ஜெர்மன் ஊரைச் சூறையாடினப்ப சுமார் 20,000 பேர் செத்தாங்க. நான் அதுக்கு 3ன்னு எண் போட்டிருந்தேன், ஆடினவங்க எல்லாரும் நிகழ்வைப் படிக்காமலே 3 புள்ளிக்காகத் தூக்கிப் போட்டாங்க. ஆடினவங்க மேல தப்பே இல்ல, அப்படி ஆடத்தான் என் விதி சொல்லுது, ஆனா அதைப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல.

ரெண்டாவது, பிடி பிடிச்சு ஆடுற ஆட்டம், அதாவது ஆளுக்கொரு சீட்டு இறக்கி, ஜெயிச்ச சீட்டுக்காரர் அத்தனையும் அள்ளினா ஒரு பிடி. 304ங்கிற சீட்டாட்டம் ஆடினவங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுடும், அதே 32 சீட்டு, ரெண்டு ரெண்டு பேரா ரெண்டு அணி. ஆர்ட்டின் டைமனுக்குப் பதிலா பேரரசர், ஸ்வீடன், சாக்சனி, பிரான்ஸ்னு நாலு ஜாதி. ஸ்வீடன் அணி ஒரு பிரான்ஸ் சீட்டைக் கவுத்து வெச்சுக்கணும், அதைத் திறக்கிற வரைக்கும் பிரான்ஸ் வெறும் ஜாதிதான், திறந்தா துருப்பு, மத்த ஜாதியையெல்லாம் வெட்டும். நிஜத்துலயும் பிரான்ஸ் கத்தோலிக்க நாடா இருந்துக்கிட்டே 1631ல இருந்து புராட்டஸ்டன்ட் ஸ்வீடனுக்குப் பணம் கொடுத்துட்டு, 1635லதான் நேரடியா இறங்குச்சு.

ஜெர்மன் நாடுகள்ல ஒண்ணான சாக்சனிதான் இதுல உயிர். 1620ல பேரரசரோட நின்னாங்க, 1631ல ஸ்வீடனோட சேர்ந்தாங்க, 1635ல திரும்பவும் பேரரசர்கிட்ட போயிட்டாங்க. அதனால சாக்சனி சீட்டோட புள்ளியெல்லாம் முதல்ல பேரரசர் அணிக்கு, ஸ்வீடன் ராஜா சீட்டை யாராவது இறக்கினதும் ஸ்வீடன் அணிக்கு, துருப்பைத் திறந்த உடனே மறுபடி பேரரசர் அணிக்கு. அதாவது பிரான்ஸ் வேணும்னா சாக்சனியை விட்டுடணும். போன ஆட்டத்துல ஸ்வீடன் பக்கம் ஆடின ஒருத்தர் நாலு சாக்சனி சீட்டைக் கையில அடைகாத்துக்கிட்டு இருந்தாரு, அவர் ஜோடி அவசரப்பட்டு துருப்பைத் திறந்துட்டாரு, இவர் சீட்டை மேஜையில கவுத்து வெச்சுட்டு அப்படியே அவரைப் பாத்தாரு. முதல் டிசைன்ல இதையே "சாக்சனி கட்சி மாறியது"ன்னு ஒரு கார்டுல படிச்சுட்டு எல்லாரும் அடுத்த வேலையைப் பாத்தாங்க.

கார்டு சேத்து கட்டை வளர்க்கிற மூணாவது வழியையும் யோசிச்சேன், ஆனா முப்பது வருஷமா தேய்ஞ்சுகிட்டே போன போருக்கு வளர்ற கட்டு பொருந்தாது, விட்டுட்டேன்.

எனக்கு ரெண்டாவதுதான். ஜன்னல் கதையும் வாலன்ஸ்டைனும் இதுல இல்லாதது பெரிய இழப்புதான், மறுக்கல. மாக்டபர்க்குக்கு மட்டும் இடம் கண்டுபிடிச்சுட்டேன். அப்ப படைங்க போற ஊர்ல வசூல் பண்ணித்தான் வயித்தைக் கழுவுச்சு, அதனால நடுவுல எட்டு ஊர்ச் சீட்டு, ஒவ்வொரு பிடிக்கும் ஜெயிச்சவர் ஒண்ணைக் கவுக்கணும். நிமிர்ந்து நிக்கிற ஊருக்கு மட்டும்தான் கடைசில புள்ளி, கணக்குப் போட்டா எட்டாவது பிடியில ஒண்ணும் மிஞ்சாது, அதனால எத்தனை பிடி முடிஞ்சதும் சமாதானம் பேசலாம்ங்கிற விதியைத்தான் இப்ப எழுதிட்டிருக்கேன்.