ஓஃபாக் தடைப் பட்டியல் தேடல்: ஓர் ஏற்றுமதி ஆவணப் பணியாளரின் மதிப்பீடு

ஏற்றுமதி ஆவணம் தயாரிக்கும் என்னைப் போன்றவர்கள் அடிக்கடி திறந்து பார்க்கும் இணையச் சேவை, அமெரிக்கக் கருவூலத் துறையின் வெளிநாட்டுச் சொத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் (சுருக்கமாக ஓஃபாக்) அமெரிக்கப் பொருளாதாரத் தடைக்கு உள்ளான ஆட்கள், நிறுவனங்களின் பெயர்களைச் சரிபார்க்க இலவசமாகத் தரும் தடைப் பட்டியல் தேடல் ஆகும். கொரியப் போரில் சீனா இறங்கியதை அடுத்து, சீன, வடகொரியச் சொத்துகளை முடக்குவதற்காக 1950 டிசம்பரில் தோன்றிய அலுவலகம் இது. நம் சரக்கு அமெரிக்கக் கரையைத் தொடாவிட்டாலும், விலையை டாலரில் பேசியிருந்தால் பணம் பெரும்பாலும் அமெரிக்க வங்கி ஒன்றைக் கடந்தே வர வேண்டியிருப்பதால், அந்தப் பட்டியலில் உள்ள பெயர் நம் ஆவணத்தில் இருந்தால் பணம் அங்கேயே முடங்கிவிடும்.

இச்சேவையின் சிறப்பு, பெயர் ஒற்றுமையை மதிப்பெண்ணாகக் காட்டுவதே. தேடும்போது குறைந்தபட்ச மதிப்பெண் 100 என்றே, அதாவது முழுமையாக ஒத்த பெயர் மட்டுமே வரும்படி இருக்கும். அதை அப்படியே விட்டுவிடுவது பெரும் பிழை. முகமது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள், நம் ழகரம் எப்படியெல்லாம் உருமாறுகிறது என்பதை அறிந்தவர்கள் அளவைக் குறைத்தே தேடுவார்கள். எவ்வளவு குறைக்கலாம் என்று ஓஃபாக் பரிந்துரைப்பதில்லை. நான் 85 வைக்கிறேன். எழுத்து வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் இந்த வசதி பெயருக்கு மட்டுமே உண்டு, முகவரிக்கு இல்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

பதிவைத் திறந்தால் பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், மாற்றுப் பெயர்கள் ஆகியவை கிடைக்கின்றன. விடுதலைப் புலிகளின் பதிவில் எல்லாளன் படை என்ற பெயரும் இருப்பது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒருமுறை எங்கள் வாடிக்கையாளரின் பெயர் பட்டியலில் உள்ள வேறொருவரின் பெயரோடு ஒத்திருந்ததால், ஒரு வங்கி பல நாள் பணத்தை நிறுத்தி வைத்தது. பிறந்த தேதி பொருந்தவில்லை என்பதை ஆவணத்துடன் காட்டிய பிறகே விடுவித்தது. எந்தத் தவறும் செய்யாத சிறு வணிகர் அந்த நாட்களில் பட்ட வேதனையை நான் நேரில் கண்டேன்.

பெரிய போதாமை வேறிடத்தில் உள்ளது. தடைக்குள்ளானவர்கள் சேர்ந்து 50 சதவீதமோ அதற்கு மேலோ உரிமை வைத்திருக்கும் நிறுவனம், பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் முடக்கப்பட்டதாகவே கருதப்படும் என்று ஓஃபாக் 2014இல் தெளிவுபடுத்தியது. இருவர் தலா 25 சதவீதம் வைத்திருந்தாலும் இவ்விதி பொருந்தும். இத்தேடலோ பட்டியலில் உள்ளவற்றை மட்டுமே பார்க்கிறது. பங்குதாரர் யாவர் என்பதை நாமேதான் வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

முதற்கட்டச் சோதனைக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டிய காலம் 2025 மார்ச் முதல் 10 ஆண்டுகளாக உயர்ந்திருப்பதால், ஒவ்வொரு தேடலின் முடிவையும் தேதியுடன் அச்சிட்டு, அந்தந்தச் சரக்கின் கோப்பிலேயே சேர்த்து வைக்கிறேன்.