‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’: ரிலேட்டிவ் ப்ரோநவுனும் பிரிபொசிஷனும் கற்க எவ்வளவு உதவும்?

ரேமண்ட் மர்ஃபியின் இந்தப் புத்தகத்தை கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரஸ் முதலில் வெளியிட்டது 1985-இல். 2019-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 145 பாடங்கள். இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. விச், ஹூ, தட் போன்ற ரிலேட்டிவ் ப்ரோநவுனோடு வந்து ஒரு பெயர்ச்சொல்லை விளக்கும் துணை வாக்கியம்தான் ரிலேட்டிவ் கிளாஸ். அதற்கு 92 முதல் 96 வரை ஐந்து பாடங்கள். அவற்றில் இன், ஆன், வித் போன்ற பிரிபொசிஷன் வரும் இடங்களை மட்டும் இங்கே பார்க்கிறோம்.

93-ஆம் பாடம் அருமை. ‘தி சேர் ஐ சாட் ஆன்’ என்பதைப் போல, பிரிபொசிஷன் கடைசியில் நிற்பதுதான் இயல்பான ஆங்கிலம் என்று அங்கேயே தெளிவாகிவிடுகிறது. அப்படி நிற்கும்போது விச், ஹூ, தட் எதையும் சொல்லாமல் விடலாம். வாக்கியம் பிரிபொசிஷனில் முடியக் கூடாது என்ற கண்டிப்பு, 1672-இல் கவிஞர் டிரைடன், நாடக ஆசிரியர் பென் ஜான்சனை இதற்காகக் குறை சொன்ன காலத்திலிருந்து வரும் பழைய சுமை. மர்ஃபி அதைச் சுமக்கவில்லை, நல்லதே செய்தார். ‘டு ஹூம்’, ‘வித் ஹூம்’ போன்றவை 94-இலும் 96-இலும் வருகின்றன.

ஆனால் தமிழர் செய்யும் பிழை வேறு இடத்தில் இருக்கிறது. எல்லா மொழிக்காரருக்கும் பொதுவாக எழுதிய புத்தகம் அதைத் தொட முடியாது. கத்தியால் பழம் நறுக்குகிறோம். ஆனால் ‘பழம் நறுக்கிய கத்தி’ என்கிறோம். ‘ஆல்’ எங்கே போனது? ஒருவரோடு பேசுகிறோம், ‘நான் பேசிய ஆள்’ என்றதும் ‘ஓடு’ காணாமல் போகிறது. பெயரெச்சம் வேற்றுமை உருபை விழுங்கிவிடுகிறது, தமிழில் அது பிழையே இல்லை. அதே பழக்கத்தில் ‘தி நைஃப் ஐ கட் த ஃப்ரூட்’ என்று எழுதி நிறுத்திவிடுகிறோம். கடைசியில் ஒரு ‘வித்’ வேண்டும்.

இதற்கு ஒரே மருந்து, வாக்கியத்தை இரண்டாக உடைப்பது. ‘திஸ் இஸ் த நைஃப். ஐ கட் த ஃப்ரூட் வித் இட்.’ இரண்டாவதில் ‘இட்’டை வட்டமிடுங்கள். அது விச் ஆக மாறி முன்னால் போகும், அல்லது மறைந்துவிடும். வட்டத்துக்கு முன்னால் இருந்த ‘வித்’ மட்டும் எங்கேயாவது இருந்தே ஆக வேண்டும். 93-ஆம் பாடத்தின் பயிற்சிகளை இந்த முறையில் ஒருமுறை போட்டுவிட்டு, பிறகு 94-க்குப் போங்கள்.

பிரிபொசிஷனை முன்னால் கொண்டுவந்தால் விதி இறுகுகிறது. அதன் பின்னால் விச், ஹூம், ஹூஸ் மட்டுமே வரும். ‘ஆன் தட் ஐ சாட்’ தவறு. விச்சை விடவும் முடியாது. முன்னால் வைத்ததை மறந்து பின்னாலும் ஒன்றை ஒட்டி, ‘தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ் இன்’ என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. இடத்தைக் குறிக்கும் ‘வேர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே ‘இன்’ அடங்கியிருப்பதால் ‘வேர் ஐ லிவ் இன்’ என்பதும் இதே கோளாறு.

எதை நகர்த்தக் கூடாது என்பதையும் நோட்டில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ‘லுக் ஆஃப்டர்’, ‘புட் அப் வித்’ போன்றவை வினையோடு பிணைந்தவை. ‘ஆஃப்டர் ஹூம் ஷி லுக்ட்’ என்றால் காதில் உறுத்தும். ‘ட்யூரிங்’ அதற்கு நேர் எதிர். ‘தி மீட்டிங் ட்யூரிங் விச் ஹி ஸ்லெப்ட்’ என்று முன்னால்தான் நிற்கும், கடைசிக்குத் தள்ள முடியாது.

96-ஆம் பாடத்தில் வரும் ‘மோஸ்ட் ஆஃப் விச்’, ‘சம் ஆஃப் ஹூம்’ பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். கமாவுக்குப் பிறகு ‘மோஸ்ட் ஆஃப் தெம்’ என்று எழுதினால் இரண்டு முழு வாக்கியங்களை கமாவால் ஒட்டியதாகிவிடும். அலுவலகக் கடிதங்களில் அதிகம் கண்ணில் படும் பிழை இது.

விடைகள் உள்ள பதிப்பு, இல்லாத பதிப்பு என இரண்டு விற்பனையில் உண்டு. தனியாகப் படிப்பவர் விடையுள்ளதையே வாங்குங்கள். ஒரே வாக்கியத்தை இரண்டு மூன்று விதமாக எழுத முடிகிற பகுதி இது. உங்கள் விடை சரியா என்று பார்க்க பின்பக்கம் இல்லாமல் முடியாது.