ப்ரோக்காவா, வெர்னிக்கேயா: யாரை முதலில் படிப்பது?

மூளைப் பாதிப்பால் மொழித்திறன் குலைவதே பேச்சிழப்பு. அதைப் படிக்கத் தொடங்குபவர்கள் பிரெஞ்சு மருத்துவர் ப்ரோக்கா, ஜெர்மன் மருத்துவர் வெர்னிக்கே ஆகிய இந்த இருவருக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

நோயாளிகள்
ப்ரோக்கா: பாரிஸில் 1861-இல் அவர் விவரித்தவர், எதைக் கேட்டாலும் "டான், டான்" என்றே சொன்னார். பிறர் பேசுவது பெருமளவு புரிந்தது.
வெர்னிக்கே: அவர் விவரித்தவர்கள் சரளமாகப் பேசினார்கள்; சொற்கள்தான் இடம் மாறி விழுந்தன. பிறர் சொன்னது விளங்கவில்லை. காது கேளாதவர், மனம் குழம்பியவர் என்று எளிதில் ஒதுக்கப்படக்கூடியவர்கள் இவர்கள்.

எளிமை
ப்ரோக்காதான். ஒரு நோயாளி, மூளையின் இடது முன்மடலில் ஒரு சிதைவு, ஒரு முடிவு.

ஆழம்
இங்கே வெர்னிக்கேவுக்கு ஈடில்லை. 1874-இல், 26 வயதில், சொற்களைப் புரிந்துகொள்ளும் மையமாக மூளையின் இடது பொட்டுமடலின் பின்பகுதியைச் சுட்டியதோடு அவர் நிற்கவில்லை. ப்ரோக்கா சொன்ன பேச்சு மையம், இந்தப் புரிதல் மையம் இரண்டும் நலமாக இருந்து, அவற்றை இணைக்கும் பாதை மட்டும் அறுந்தால்? புரிதல் இருக்கும், பேச்சும் ஓடும், ஆனால் சொற்கள் பிசகும் என்று கோட்பாட்டிலிருந்தே கணித்தார். கேட்டதைத் திருப்பிச் சொல்ல இவர்கள் திணறுவார்கள் என்பதைப் பின்னர் ஜெர்மன் மருத்துவர் லிக்ட்ஹைம் சேர்த்தார்.

காலத்தைத் தாங்கியது
ப்ரோக்கா: பாதுகாத்து வைக்கப்பட்ட அந்த நோயாளியின் மூளையை நவீன ஸ்கேனில் பார்த்தபோது, சிதைவு அவர் சொன்ன இடத்தைத் தாண்டி ஆழமாகப் பரவியிருந்தது.
வெர்னிக்கே: அவர் வரைந்த எல்லைகளும் இன்று கேள்விக்குரியவை. இணைப்புகள் பற்றிய சிந்தனை மட்டும் அசையவில்லை.

வரலாற்றை அறிய வந்தவர்கள் ப்ரோக்காவிடம் தொடங்கலாம். பக்கவாத நோயாளிகளோடு வேலை செய்யப் போகிறவர்கள் தயங்காமல் வெர்னிக்கேவிடம் செல்லுங்கள்.