நார்ச்சத்துத் தூள்: சரக்கு சரி, லேபிள் சரியில்லை

இது எனக்கு மூணாவது டப்பா. திட்டிக்கொண்டே வாங்குகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் இடது அடிவயிற்றில் வலி, கூடவே காய்ச்சல். வாயு என்று நினைத்து இரண்டு நாள் ஓட்டினேன். சி.டி. ஸ்கேனில் டைவர்டிகுலைட்டிஸ் என்று வந்தது. பழைய சைக்கிள் ட்யூப் நைந்த இடத்தில் புடைக்குமே, அதுமாதிரி பெருங்குடல் சுவரில் சின்னச் சின்னப் பைகள். அதில் ஒன்று அழற்சியாகிவிட்டது. பை இருக்கிற பலருக்கு அது இருப்பதே தெரியாதாம், எனக்குத் தெரிந்துவிட்டது. வலி அடங்கிய பிறகு டாக்டர் நார்ச்சத்தைக் கூட்டச் சொல்ல, இந்த இசப்கோல் தூள் வீட்டுக்கு வந்தது.

தூளில் குறையில்லை. இனிப்பு, ஆரஞ்சு வாசனை என்று எந்த ஜோடனையும் கிடையாது. ஆனால் கலக்கிவிட்டு போன் பேசப் போனால் தீர்ந்தது. திரும்பி வரும்போது தம்ளரில் கூழ், அதில் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும். கலக்கிய கையோடு மடமடவென்று குடித்து, பின்னாடியே இன்னொரு தம்ளர் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளலாம்.

என் கோபமெல்லாம் லேபிள் மேல்தான். 'எல்லா வயிற்றுத் தொல்லைக்கும்' என்று கொட்டை எழுத்து. குடல் அழற்சியாகி வலிக்கும் நாளில் டாக்டரைக் கேட்காமல் போடாதே என்று ஒரு வரி கிடையாது. அந்த நாட்களில் எனக்கு முதலில் வெறும் திரவம், பிறகு நார் குறைந்த சாப்பாடு, அப்புறம்தான் இதெல்லாம். 'தினம் 2 கரண்டி' என்பதை நம்பி முதல் நாளே போட்டேன், வயிறு மத்தளமாகிவிட்டது. அரைக் கரண்டியில் தொடங்கி வாரா வாரம் ஏற்றிய பிறகுதான் ஒத்துக்கொண்டது. மற்ற மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் இடைவெளி விடுகிறேன்.

உள்ளே இருந்த கையேடு கொட்டை, விதை, சோளப்பொரி தொடாதே என்கிறது. 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 18 வருஷம் கவனித்து 2008-ல் வெளிவந்த ஆய்வில், கொட்டையாலும் சோளப்பொரியாலும் இந்த நோய் கூடவில்லை. அதை விட்டு, இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் ஆபத்தைக் கூட்டும் என்று எழுதியிருக்கலாம். மூட்டுவலிக்கு அதைத்தான் நான் மிட்டாய் மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தேன்.

எட்டு மாதமாக வலி இல்லை. அந்த மாத்திரையையும் விட்டேன், தினம் நடக்கிறேன்; எதற்கு மார்க் போடுவது? முக்காமல் போக முடிகிறது, அது மட்டும் நிச்சயம் தூளின் புண்ணியம். 5-க்கு மூன்றரை. அரை குறைத்தது மூடிக்கு: சரியாக மூடாது, ஈரம் பட்டு அடியில் கட்டி தட்டிவிடுகிறது. வாங்கியதும் திருகுமூடி பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.