காரைக்குடி வெயிலும் 15டபிள்யூ-50 எண்ணெயும்

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையே நாள்தோறும் ஓடும் என் பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டிக்கு (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த யூசிஇ எஞ்சின் கொண்டது), வழக்கமான பட்டறையில் ஒருமுறை கேட்காமலேயே 20டபிள்யூ-40 எஞ்சின் எண்ணெயை ஊற்றிவிட்டார்கள்; சித்திரை வெயிலில் செக்காலை ரோட்டு நெரிசலைக் கடந்ததும் நியூட்ரல் விழுவதே பெரும்பாடாயிற்று. கையேடு சொல்லும் 15டபிள்யூ-50 செமி சிந்தெடிக் (பகுதி செயற்கை) எண்ணெய்க்கு மாறி 2,000 கிலோமீட்டர் ஓட்டிய பின்பே இதை எழுதுகிறேன்.

டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் இளகி ஓடும் திறனைக் குறிக்கிறது. 15 என்பதற்கான கிராங்கிங் சோதனை (குளிரில் எஞ்சின் சுழல எண்ணெய் இடம் தருமா என்று பார்ப்பது) மைனஸ் 20 டிகிரியில் நடப்பதால், மார்கழிப் பனிக்கே போர்வை தேடும் நமக்கு அது பெரிய பொருட்டன்று. பின்னுள்ள எண்தான் இங்கே பேசும்: 100 டிகிரி வெப்பத்தில் 40 ரகத்தின் பாகுநிலை (கெட்டித்தன்மை) 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் என்னும் அளவுக்குள் அடங்க, 50 ரகம் 16.3இல்தான் தொடங்குகிறது; அதாவது சூட்டிலும் கூடுதல் கெட்டியாக நிற்கிறது.

உச்சி வெயிலிலும் இப்போது கியர் மென்மையாக விழுகிறது. மைலேஜ் மட்டும் சற்றுக் குறைந்தாற்போலத் தோன்றுகிறது. கிளட்சும் இதே எண்ணெயில் மூழ்கியிருப்பதால், டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரையை (எண்ணெயில் மூழ்கிய கிளட்சுக்கு ஏற்றதென்னும் ஜப்பானியத் தரக் குறி) பார்க்காமல் வாங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். 10டபிள்யூ-30 கேட்கும் 100 சிசி வண்டிக்காரர்கள் இந்த 15டபிள்யூ-50ஐத் தொடவே வேண்டாம்.