முகவலிக்கு மாத்திரையா, ஊசியா, கதிர்வீச்சா, ஆபரேஷனா?

பல் தேய்த்தால் கன்னத்தில் கரன்ட் அடிக்கும். முகம் கழுவினால் அடிக்கும். ஃபேன் காற்று பட்டால்கூடச் சுளீரென்று கண் வரை இழுக்கும். பல்வலி என்று நினைத்து ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். வலி அப்படியே இருந்தது. ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பில் வரும் வலி என்று பெயர் தெரியவே ஒன்றரை வருடம் ஆனது. அப்புறம் எந்தச் சிகிச்சை என்ற கேள்வி. நான் ஆபரேஷன் செய்துகொண்டேன், அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் முதலில் மாத்திரைதான், அதுவும் பெரும்பாலும் கார்பமாஸெபைன். எனக்கு மூன்றாம் நாளே வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் நாள் போகப் போக அளவு ஏறியது. 800 மில்லிகிராமைத் தொட்டபோது வகுப்பில் பாடம் நடத்தும்போதே வார்த்தை மறந்தது, நடையில் தள்ளாட்டம். ரத்தத்தில் சோடியமும் இறங்கியது. ஆக்ஸ்கார்பஸெபைனுக்கு மாற்றலாம் என்றால், அது சோடியத்தை இன்னும் இறக்கக்கூடியது. மாத்திரை ஆரம்பித்த முதல் வாரங்களில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள், அதைச் சாதாரண அலர்ஜி என்று விடக்கூடாது.

மாத்திரை போதாதவர்களுக்கு மூன்று வழி சொல்வார்கள். கன்னம் வழியாக ஊசி செலுத்தி நரம்பு முடிச்சைச் சூடுபடுத்துவது ஒன்று. காமா நைஃப் கதிர்வீச்சு இன்னொன்று. கத்தி படாது, ஆனால் வலி குறையச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். மூன்றாவது, காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சின்னதாகத் திறந்து, நரம்பை அழுத்தும் ரத்தக்குழாயை விலக்கி, நடுவே டெஃப்லான் பஞ்சு வைப்பது.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே ஒரு விஷயம். முதல் இரண்டும் நரம்பைக் காயப்படுத்தித்தான் வலியை நிறுத்துகின்றன. மூன்றாவது, நரம்பை அப்படியே விட்டுவிட்டு அழுத்தத்தை மட்டும் எடுக்கிறது. ஊசி சிகிச்சை எடுத்த ஓர் அம்மாவை மருத்துவமனையில் பார்த்தேன். எழுபது தாண்டியவர், இதய நோயும் உண்டு. அன்றைக்கே வலி நின்றதாம். "மோர் சாதம் உதட்டோரம் வழிஞ்சாக்கூடத் தெரியலம்மா. பரவாயில்ல, வலி போச்சே" என்றார். அவர் வயதில் நானும் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். இரண்டு வருடத்தில் வலி திரும்பி, மறுபடியும் ஊசி போட வந்திருந்தார். திரும்பத் திரும்பச் செய்துகொள்ளலாம் என்பது அதில் ஒரு வசதி.

எனக்கோ வலி கண்ணைச் சுற்றியும் இருந்தது. கண் பக்கம் போகும் நரம்புக் கிளை மரத்துப்போனால் கண்ணில் தூசி விழுந்தால்கூட உறுத்தாது. தெரியாமலே கருவிழி புண்ணாகிவிடும். காலம் முழுக்க அந்தக் கண்ணைக் காவல் காக்க வேண்டும். 49 வயதில், இன்னும் பல வருடம் கரும்பலகை முன்னால் நிற்க வேண்டியவளுக்கு அது முடியாது என்று தோன்றியது. எம்ஆர்ஐயில் ரத்தக்குழாய் நரம்பின் மேல் படிந்திருப்பது தெளிவாகத் தெரிந்ததும் தயக்கம் போய்விட்டது. அப்படித் தெரியாதவர்களுக்கு இந்த ஆபரேஷனில் பலன் குறையலாம்.

பயம் இல்லாமல் இல்லை. இந்த முறையை வளர்த்தெடுத்த அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஜானெட்டாவின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில் 1,185 நோயாளிகள். பத்து வருடம் கழித்தும் 70 சதவீதம் பேர் வலியோ மாத்திரையோ இல்லாமல் இருந்தார்கள். அதே ஆய்வில் இரண்டு பேர் இறந்தார்கள், 16 பேருக்கு அந்தப் பக்கக் காது கேட்காமல் போனது. வீட்டில் இரண்டையும் படித்துக் காட்டித்தான் சம்மதம் வாங்கினேன்.

கண் விழித்தபோது கடுமையான தலைவலி. அந்த மின்னல் வலி மட்டும் இல்லை. தலைவலியும் தலைச்சுற்றலும் அடங்க மூன்று வாரம் ஆனது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் மெல்ல மெல்லக் குறைத்தார்கள். கன்னத்தில் உணர்ச்சி முழுசாக இருக்கிறது.

சரி, எனக்கு ஆகியிருப்பது மூன்று வருடம்தான். பத்து வருடக் கணக்கை என் முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. காமா நைஃப் எடுத்துக்கொண்ட யாரிடமும் நேரில் பேசியதில்லை, அதனால் அதைப் பற்றிக் குறைவாகத்தான் எழுதியிருக்கிறேன். ஒருவேளை வலி திரும்பினால், மறுபடியும் மண்டையைத் திறப்பதற்கு முன் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பேன்.