காளி கோயில் பக்கத்துச் சுக்கு மல்லிக் கடை

மியன்மாரின் யாங்கோன் (பழைய ரங்கூன்) நகரில், அனவ்ரதா சாலையில் காளியம்மன் கோயிலைத் தாண்டி அடுத்த குறுக்குத் தெருவில் திரும்பினால், தாழ்ந்த முக்காலிகள் சிலவற்றோடு பெயர்ப்பலகையில்லாத கடை ஒன்று மாலையில் மட்டும் திறந்திருக்கும். விருந்துண்டு வயிறு கனத்து உப்புசத்தோடு வருபவர்களே இதன் வாடிக்கையாளர்கள்.

இங்கே முதலில் கேட்க வேண்டியது சுக்கு மல்லிக் காப்பி. சுக்குக்குப் புற நஞ்சு என்ற பழமொழியை மதித்துத் தோலைச் சீவி, அவ்வப்போது இடித்து, மல்லியும் மிளகும் சேர்த்துக் கொதிக்கவைத்து, மத்திய மியன்மாரின் பகான் ஊர்ப் பக்கத்துப் பனைவெல்லம் இட்டுத் தருகிறார் கடைக்கார அம்மா. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால், காயும்போது ஓரளவு ஷோகால் என்னும் இன்னும் காரமான பொருளாக மாறுவதால், சிறிது சுக்கே தொண்டை வரை ஏறுகிறது. இரைப்பையிலிருந்து உணவு கீழிறங்குவதை இஞ்சி விரைவுபடுத்துவதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. குமட்டலுக்கு, அதிலும் கருவுற்ற பெண்களின் குமட்டலுக்கு, அதன் பயன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. குடித்துச் சற்று நேரத்தில் ஏப்பம் வந்து வயிறு இளகியது என் அனுபவம். வெல்லம் மட்டும் தாராளம். குறைக்கச் சொன்னால் குறைக்கிறார்.

பர்மியர் உணவுக்குப் பின் விரும்பி உண்ணும் ஜின் தோ என்னும் இஞ்சிக் கலவையும் உண்டு. எலுமிச்சைச் சாற்றில் ஊறிய இளம் இஞ்சிச் சீவல், வறுத்த வேர்க்கடலை, எள், பொரித்த பூண்டு, பருப்பு, கடலை மாவு ஆகியவற்றைக் கையால் பிசைந்து தரும் இதன் சுவைக்குக் குறையில்லை. ஆனால் மருந்தென்று எண்ணித் தின்றால் ஏமாற்றமே, ஏனெனில் பொரித்த பருப்பும் எண்ணெயும் கனத்த வயிற்றை மேலும் கனக்கச் செய்கின்றன. எண்ணெய் குறைத்து, பருப்பைத் தவிர்த்துக் கேட்பது நல்லது. மாறாக, பசித்த வயிற்றோடு வருபவர்கள் அப்படியே வாங்கி உண்ணலாம்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இரண்டுமே சிலசமயம் ஒத்துக்கொள்வதில்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தினசரி வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

விலை, தேநீர்க்கடைப் பால்தேநீரைவிடச் சற்றே கூடுதல். வாசலில் தொங்கும் பொட்டலப் பொடியில் வாசனை போய்விட்டிருக்கிறது. வீட்டுக்கு வாங்குவதானால் முழுச் சுக்காகவே கேளுங்கள், நிறுத்துத் தருவார்.